பொங்குமாகடல் முதல் புன்னைக்காயல் வரை: ஓசைகள் சொல்லும் வரலாறு

குற்றாலப் பேரருவி மலையுச்சியிலிருந்து நேரே தரைக்கு வருவதில்லை. வழியில் பாறையில் குடைந்த ஒரு பெரும் பள்ளத்தில் விழுந்து, அங்கே கொந்தளித்து நிரம்பி, அதன் பிறகே மக்கள் நின்று குளிக்கும் இடத்துக்கு இறங்குகிறது. அப்பள்ளத்தின் பெயர் பொங்குமாகடல். கடற்கரை கிழக்கே வெகு தொலைவில் இருக்க, மலையின் மடியிலுள்ள ஒரு நீர்க்குழிக்குக் கடல் என்று பெயரிட்டவர்கள் அதன் பரப்பைக் கண்டு இட்டிருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன். சாரல் காலத்து இரவில் அதன் இரைச்சலைக் கேட்டவருக்குப் பெயரின் காரணம் விளங்கும். கண்ணை மூடிக்கொண்டால் அது கடலேதான்.

வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் ஓலையிலும் தேடவே நாம் பழகியிருக்கிறோம். ஓசை எதிலும் பொறிக்கப்படுவதில்லை; எழுந்த நொடியிலேயே மறைந்துவிடுகிறது. ஆயினும் ஊர்ப்பெயர்களிலும், தொழிற்சொற்களிலும், பயணிகளின் குறிப்புகளிலும், பழைய பள்ளிவாசல்களின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் நகராவிலும் அதன் தடம் எஞ்சியிருக்கிறது. குற்றாலத்தில் இறங்கும் நீர் கடலில் கலக்கும் இடம்வரை அத்தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால், நீர் மாறியதும் வாழ்வு மாறியதும் ஒருங்கே செவிக்குப் புலப்படும். வானங்களும் பூமியும் அவற்றிலுள்ள யாவும் இறைவனைத் துதிக்கின்றன, அத்துதியை மனிதர் உணர்வதில்லை என்னும் கருத்தைப் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் ஓதி வருகிற நமக்கு, செவியையும் ஒரு சாட்சியாக ஏற்பதில் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

பேரருவியின் நீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து கிழக்கே செல்கிறது. குண்டாறு, அழுதகண்ணியாறு, அனுமன் நதி முதலிய துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. பக்கத்திலேயே காயல்பட்டினம். ஆகவே தென்காசியாரும் காயல்பட்டினத்தாரும் ஒரே நீரின் இரு முனையில் இருப்பவர்கள். காற்றும் ஒன்றுதான். ஜூன் மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து குற்றாலத்தில் சாரலாகப் பெய்யும் தென்மேற்குப் பருவக்காற்று, ஈரத்தையெல்லாம் மலையிலேயே இறக்கிவிட்டு, கடற்கரைக்கு வறண்ட மேல்காற்றாகப் போய்ச் சேர்கிறது. கரையோரத்தார் அதைக் கச்சான் என்பார்கள். இங்கே அருவி இரைகிற அதே நாட்களில் அங்கே மணல் இரைகிறது.

மலையடிவாரத்தில் வாழ்ந்தவர்களுக்கு அருவியின் ஓசை அழகுக்குரிய பொருள் மட்டுமன்று; அது செய்தி. மேலே மழை பெய்ததா, கார்ச் சாகுபடிக்கு நீர் வருமா, ஆற்றில் இறங்கலாமா என்பதெல்லாம் அதன் ஏற்ற இறக்கத்தில் இருந்தது. 2024ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். அல்லாஹ் அக்குடும்பத்தாருக்குப் பொறுமையை அளிப்பானாக. குளிக்க வந்த கூட்டத்தின் ஆரவாரத்தினூடே மலை எழுப்பும் ஓசையை யார் கேட்க முடியும்? அருவிக்கரையில் இன்று மனிதர் எழுப்பும் ஓசையே மிகுதி. வாகனங்களின் ஒலிப்பானும் கடைகளின் ஒலிபெருக்கியும் ஓய்ந்த பின்னிரவில்தான் பேரருவி மறுபடி அருவியாகிறது.

ஆற்றின் ஓசை மாறியதற்கு வேறொரு காரணமும் உண்டு: மணல். மணற்படுகையில் பரந்தோடும் நீர் மெல்லச் சலசலக்கும். மணல் அள்ளப்பட்ட ஆற்றில் நீர் குழிகளில் தேங்கி ஓசையின்றி நிற்கும். எஞ்சிய இடத்தில் பாறையை அறைந்துகொண்டு ஓடும். தாமிரபரணிப் படுகையில் இரவு பகலாக இயந்திரங்களும் லாரிகளும் இரைந்த காலத்தில், முதுபெரும் பொதுவுடைமைத் தலைவர் நல்லகண்ணு வழக்குத் தொடுத்தார். 2010 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஆற்றில் ஐந்தாண்டுகளுக்கு மணல் எடுக்கத் தடை விதித்தது.

ஆறு கொண்டுபோய்க் கொட்டிய வண்டல்தான் கடற்கரையின் வரலாற்றையே எழுதியது எனலாம். பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது அறுத்த சங்குகளும் வளையல் துண்டுகளும் கிடைத்தன. கொற்கை தூர்ந்தபின் துறைமுகம் பழையகாயலுக்கு நகர்ந்தது. அதையும் கடல் கைவிட்டது. பழையகாயலே மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல் என்று கால்டுவெல் கருதினார். அலையோசை ஓர் ஊரைவிட்டு விலகிப் போவது ஒரே நாளில் நிகழ்வதன்று. ஒரு தலைமுறை வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்டதை, பேரன் இரவின் அமைதியில் மட்டும் கேட்டிருப்பான். அவனுடைய பேரன் கேட்டிருக்கவே மாட்டான்.

அந்தக் காயலின் ஓசை என்னவாக இருந்திருக்கும்? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அத்துறையில் நின்றதைச் சொல்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் மஅபர் கரைக்கு வந்ததாக எழுதினார். கணக்கில் மிகை இருக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டுக் கரையிறங்கும் குதிரைகளின் கனைப்பும், அறபும் பாரசீகமும் தமிழும் கலந்த பேரக்குரலும், வக்து தவறாத பாங்கும் ஒரே கரையில் ஒலித்தன என்பதில் ஐயமில்லை. பாண்டியர் அவையில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் அமைச்சராக இருந்த காலம் அது. இன்று அவ்விடத்தில் உப்பளங்களைத் தழுவிவரும் காற்றின் ஓசையே பெரிது.

முத்துக்குளிப்பைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் மன்னார் வளைகுடாவில் ஓசையாலேயே ஒழுங்கு செய்யப்பட்ட தொழில் அது. முத்துச் சலாபம் என்று நம் முன்னோர் அழைத்த அப்பெரும் கூடுகையை, எதிர்க்கரையான இலங்கையின் அரிப்பில் கண்ட ராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளிவந்த தம் நூலில் விவரித்திருக்கிறார். இரவு பத்து மணியளவில் பீரங்கி ஒன்று முழங்கும். உடனே படகுகள் அனைத்தும் கரைக்காற்றில் பாய் விரித்துப் புறப்படும். விடியுமுன் பாரை அடைந்து, கதிரவன் எழுந்ததும் குளிப்பு தொடங்கும். நண்பகலில் கடற்காற்று திரும்பியதும் படகுகளும் திரும்பும். அவை கண்ணுக்குத் தென்பட்டதும் மீண்டும் ஒரு முழக்கம். கரையில் காத்திருக்கும் உரிமையாளர்களுக்கு அது அறிவிப்பு. இரு முழக்கங்களுக்கு நடுவே ஒரு நாள் முழுதும் அடங்கியது.

கடலடியிலோ முற்றிலும் வேறு உலகம். காலில் கல்லைக் கட்டி இறங்கும் குளியாளிக்குக் குரல் கிடையாது. மேலே கயிறு பிடித்திருப்பவருக்கும் அவருக்கும் நடுவே ஒரே மொழி, கயிற்றின் இழுப்பு. கீழக்கரை முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரதவரும், வளைகுடா நாடுகளிலிருந்து வந்த அறபிகளும் அந்த மௌனத்தில் மூச்சடக்கி உழைத்தார்கள். மேலே வந்தபின் சிப்பிகள் கொட்டுகளில் குவித்து அழுகவிடப்பட்டன. நாற்றத்தோடு ஈக்களின் ரீங்காரம் ஊர் முழுதும் நிறைந்திருக்கும். அரசியரின் கழுத்தணிக்கு முன்கதை அந்த ஈக்களின் ஓசைதான்.

சுறாவை அஞ்சிய குளியாளிகள் கடல்கட்டி என்பவரின் மந்திர முணுமுணுப்பை நம்பினார்கள். மார்க்கோ போலோ காலத்தில் அப்பணியைச் செய்தோர் பிராமணர்; மொத்த வருவாயில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், யாரும் திருட்டுத்தனமாக மூழ்கிவிடாதிருக்க. பிற்காலத்தில் தூத்துக்குடியில் அவ்வுரிமை ஒரு கத்தோலிக்கக் குடும்பத்திடம் இருந்ததாக எட்கர் தர்ஸ்டன் பதிந்திருக்கிறார். முஸ்லிம் குளியாளிகளும் கடல்கட்டி கரையில் நின்றாலன்றிக் கடலில் இறங்கத் தயங்கினர். இதை இன்று படிக்கும் நமக்கு மனம் நெருடும். அந்த நம்பிக்கையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் வீட்டில் குழந்தைகளை விட்டுவிட்டு, கல்லைக் காலில் கட்டிக்கொண்டு, சுறா உலவும் நீருக்குள் இறங்குகிறவனின் அச்சத்தை அறியாமல் தீர்ப்பெழுதுவதும் எளிது.

தமிழகக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு சலாபம் நின்றது. பார்களில் முத்துச்சிப்பி அற்றுப்போயிற்று. சங்குக் குளிப்பு மட்டும் தொடர்ந்தது. வங்காளத்துப் பெண்களின் வளையல்களுக்காக இங்கிருந்து சங்குகள் மூட்டை மூட்டையாக ஏற்றப்பட்டன. ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இச்சங்கின் வரலாற்றையே ஒரு நூலாக எழுதினார்.

சங்கு என்னும் சொல் பிறகு பயணித்த தொலைவு வியப்பூட்டுவது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணி அருவியின் விசையைக் கொண்டு நூற்பாலையை ஓட்டினர். ஆலைகள் பெருகியபோது, தொழிலாளரை முறைக்கு அழைக்கும் ஊதலுக்குத் தமிழர் சூட்டிய பெயர் சங்கு. கப்பலின் ஊதலும் சங்கே. நகராட்சி ஊதுவதும் சங்கே. நோன்பு திறக்கும் நேரத்தில் சங்கு ஊதிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. கடலுயிரின் கூடு ஒன்று இயந்திரத்துக்கும் ரமலானுக்கும் பெயர் தந்துவிட்டது.

மதீனாவில் தொழுகைக்கு மக்களை எவ்வாறு அழைப்பது என்று ஸஹாபாக்கள் கலந்து பேசியபோது, கிறித்தவரைப் போல மணி, யூதரைப் போல ஊதுகொம்பு என்னும் யோசனைகள் எழுந்தன. இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டது மனிதக் குரல். பிலால் (ரலி) அவர்களின் குரல். ஓசை வரலாற்றை எழுதும் எவரும் இத்தேர்வைக் கடந்துபோக முடியாது. ஆனால் மனிதக் குரலுக்கு எல்லை உண்டு. ஆகவே தமிழகத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பாங்குக்கு முன் நகரா அடிக்கும் வழக்கம் வந்தது. தோல் போர்த்த அந்தப் பெருமுரசின் தாழ்ந்த அதிர்வு, மோதினாரின் குரல் எட்டாத தெருவுக்கும் எட்டியது. நகரா கேட்டால் பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுப்பார்கள்; நெசவாளி நாடாவை நிறுத்துவார். இது சுன்னத்தில் இல்லாதது என்று கண்டித்தவர்களும் இருந்தனர், வெறும் நேர அறிவிப்புதானே என்று காத்தவர்களும் இருந்தனர். வாதத்தை முடித்து வைத்தது மார்க்க அறிஞர்களின் தீர்ப்பன்று, மின்சாரம்.

ஒலிபெருக்கிக் கதையில் எங்கள் வட்டாரத்துக்கு எதிர்பாராத ஒரு தொடர்பு உண்டு. கைத்தறி நலிந்தபோது தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்கள் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்றார்கள். ரஜூலா போன்ற கப்பல்கள் நாகப்பட்டினத்தில் சங்கு ஊதிப் புறப்பட்டன. தறியின் ஓசையில் வளர்ந்த செவிகள் தஞ்சோங் பகார் துறைமுகத்தின் இரும்பு ஓசைக்குப் பழகின. 1941இல் அவர்கள் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்தார்கள். 1946இல் அவ்வமைப்பு உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அதே சிங்கப்பூரின் சுல்தான் பள்ளிவாசலில் 1936இலேயே ஒலிபெருக்கி பொருத்தப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. ஒரு மைலுக்கு அப்பாலும் குரல் கேட்கும் என்று அன்று பேசப்பட்டது. உலகப் பள்ளிவாசல்களில் ஒலிபெருக்கி நுழைந்த மிகத் தொடக்க காலச் செய்திகளுள் அதுவும் ஒன்று. அக்கரையில் நம்மவர்கள் அந்தப் புதிய பாங்கைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இக்கரையில் அவர்களுடைய உறவினர்கள் நகராவைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

தொழுகையில் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தலாமா என்பது இந்திய உலமாக்களிடையே பெரும் விவாதமாக இருந்தது. மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி தொடக்கத்தில் எதிர்த்தார்; பின்வந்த முஃப்திகள் கருத்தை மாற்றிக்கொண்டனர். சிங்கப்பூரிலோ கதை எதிர்த்திசையில் திரும்பியது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்து பல சமயத்தார் நெருங்கி வாழத் தொடங்கிய 1970களில், பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உட்புறமாகத் திருப்பப்பட்டன. பாங்கு வானொலியில் ஒலிபரப்பப்பட்டது. கடையநல்லூர்ப் பாட்டி ஒருத்தி தன் பத்தாவது மாடி வீட்டில் வானொலிப் பெட்டியிலிருந்து வக்தை அறிந்துகொண்ட காட்சியை எண்ணிப் பாருங்கள். ஊர், தெரு, மினாரா எதுவும் தேவைப்படாத பாங்கு அது. இன்று நம் கைப்பேசிகள் செய்வதும் அதுவே.

நம் ஊர்களில் ஒலிபெருக்கி வந்ததும் நகரா மௌனமானது. ஸஹர் நேரத்தில் தாயிராவைத் தட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வந்த பக்கீர்களும் மெல்ல மறைந்தார்கள். எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை என்று பார்த்து அவ்வாசலில் சற்று நின்று தட்டுவது அவர்கள் வழக்கம்; ஒலிபெருக்கிக்கு அது தெரியாது. பெருநாளன்று அவர்களுக்குக் கொடுக்கும் அரிசியும் சில்லறையும் நின்றுபோனது. வளைகுடா நாடுகளுக்கு ஆண்கள் சென்ற பின், கடிதம் எழுதத் தெரியாத தாய்மார்கள் ஒலிநாடாவில் பேசி அனுப்பினார்கள். மகனுக்காகப் பேசிய நாடாவில் பின்னணியாகக் கோழியும் தறியும் பாங்கும் தாமாகவே பதிந்தன. எங்காவது ஓர் அலமாரியில் அத்தகைய நாடா இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். எங்கள் வட்டார வரலாற்றுக்கு அதைவிடச் சிறந்த ஆவணம் அரிது.

ஒலி மாசைக் கட்டுப்படுத்தும் விதிகளை 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. ஃபஜ்ர் பாங்கு அந்நேரத்தில் வருவதால் இது நம் ஜமாஅத்துகளில் கசப்போடு பேசப்படுகிறது. விதி ஒரு சமயத்தாரிடம் மட்டும் கறாராகக் காட்டப்படும்போது அந்தக் கசப்பில் நியாயமும் உண்டு. ஆனாலும் குரலைத் தாழ்த்துமாறு மகனுக்கு லுக்மான் (அலை) சொன்ன அறிவுரையை ஓதுபவர்கள், நான்கு திசையிலும் நான்கு கூம்புகள் எதற்கு என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்வதில் இழுக்கில்லை. மோதினாரின் குரல்வளமே ஊருக்குப் பெருமையாக இருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை.

கரைக்கே திரும்புவோம். பாய்மரப் படகு காற்றின் ஓசையையும் அலையின் ஓசையையும் கேட்டுச் செல்லும். விசைப்படகு தன் ஓசையை மட்டுமே கேட்கும். மலேசியாவின் திரங்கானு கரையில் ஜுரு செலாம் எனப்படும் மீனவர்கள் நீருக்குள் தலையை மூழ்கவைத்து, மீன் கூட்டத்தின் குரலைக் கேட்டு வலை விரிக்கும் இடத்தைச் சொல்வார்கள். நம் கடலில் கத்தாழை என்னும் மீன் காற்றுப்பையை அதிரச் செய்து குரலெழுப்பும்; அவர்கள் தேடிய கெலமாவும் அந்த இனம்தான். இயந்திரங்கள் பெருகிய கடலில் அந்தச் செவிக்கலைக்கு இடமில்லாது போயிற்று. எதிரொலிக் கருவியின் திரையில் இன்று மீன் புள்ளிகளாகத் தெரிகிறது.

கடலடியும் ஊமையன்று. உயிருள்ள பவளப்பாறை ஓயாமல் வெடபடத்துக்கொண்டிருக்கும். அடுப்பில் எண்ணெய் பொரிவதைப் போன்ற அவ்வோசையை எழுப்புவது ஒரு சிற்றிறால். தன் பெரிய கொடுக்கை அது சொடுக்கும்போது நீர்க்குமிழி உடைந்து சத்தமெழுகிறது. அதனோடு பாறையில் வாழும் மீன்களின் உறுமலும் உரசலும் சேரும். பாறை செத்தால் அந்த இரைச்சல் அடங்கிவிடும். தூத்துக்குடிக் கரையில் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டிக் கட்டடக் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் பயன்படுத்தினார்கள். சூரத்துர் ரஹ்மான் முத்தையும் பவளத்தையும் அருட்கொடைகளுள் எண்ணிக் காட்டுகிறது. முதலாவதை நாம் தீர்த்துவிட்டோம். இரண்டாவதைச் சூளையில் எரித்தோம். வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கித் தேசியக் கடற்பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. 2016இல் கடல் வெப்பம் உயர்ந்தபோது எஞ்சிய பவளமும் பெருமளவில் வெளுத்தது. கரையில் நின்ற எவர் செவிக்கும் எதுவும் எட்டவில்லை.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2019இல் வெளியிட்டார்கள். செத்த பவளம் கிடந்த இடங்களில் நீரடி ஒலிபெருக்கிகளை வைத்து, உயிருள்ள பாறையின் ஓசையை ஒலிக்கவிட்டனர். ஓசையில்லாத இடங்களைவிட அங்கே ஏறத்தாழ இருமடங்கு மீன்கள் வந்து தங்கின. நம் தூத்துக்குடியில் அரித்துக்கொண்டிருந்த வான் தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டுள்ளன. திறந்த கடலில் பொரிந்து மிதந்து வளரும் மீன்குஞ்சுகளுக்குத் தங்கள் பாறை எங்கே இருக்கிறதென்று கண்ணால் காண வழியில்லை. இரவில், இருளில், அதன் ஓசையைக் கேட்டுத்தான் அவை நீந்தி வருகின்றன.